காற்று இன்று சுத்தம்

கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில்
உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா?
இருமல்?
மூச்சுத்திணறல்?
வாசனை தெரிகிறதா?
வீட்டில் எத்தனை பேர்,
அவர்களில் எத்தனை பேர் படுக்கையில்?

தினமும் நாற்பதாயிரம் மொபைல்களில்
இந்தக் கேள்விகள் விழித்துக்கொள்கின்றன.
பதில்கள் என் சமையலறை மேசைக்கு வருகின்றன.
சிலியின் தெற்கே, கொயாய்கேயில், ஜூலையில்,
விறகடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
முதுகு வேகிறது, விரல்கள் விறைக்கின்றன.

முதலில் களையெடுப்பு.
வீட்டில் தொண்ணூற்றொன்பது பேர் என்றவர்,
காய்ச்சல் ஐந்நூறு டிகிரி என்றவர்,
பிறந்த ஆண்டு ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து என்றவர்.
நீக்கும்போது கொஞ்சம் வருத்தம்தான்.
நாற்பதாயிரத்தில் சிரித்தவர்கள் இவர்கள் மட்டும்.

பிறகு எடை போடுவது.
எண்பதைக் கடந்தவர்கள் படிவத்தைத் தொடுவதில்லை.
தொட்ட ஒருவர் ஆயிரத்து முந்நூறு பேராகிறார்.
கண்ணாடி இல்லாமல் அவர் ஒரு டிக்கைத் தவறாகப் போட்டால்
ஆயிரத்து முந்நூறு பேருக்கு வாந்தி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரி, பானையைக் கிளறியிருந்தால்.
இங்கே மேலாக இருக்கும் பருக்கைகளே கரண்டிக்கு வருகின்றன:
சிக்னல் உள்ளவை, நேரம் உள்ளவை,
கட்டைவிரலைத் தூக்கத் தெம்பு உள்ளவை.
அடிப்பிடித்தது அடியிலேயே கிடக்கிறது.
நாற்பது லட்சம் பருக்கைகளை நசுக்கிப் பார்த்தாலும்
தீய்ந்ததைப் பற்றி ஒரு சொல் கிடைக்காது.

எங்கள் ஊரில் இருமல் கேள்வி எதற்கும் உதவாது.
மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல ஊர்.
குளிர்காலம் முழுக்க ஈர விறகின் புகை
அதன்மேல் மூடியாகப் படுத்திருக்கும்.
குழந்தை இருமும், பாதிரியார் இருமுவார்,
இருமாதவர்மேல்தான் சந்தேகம் வரும்.
சாண்டியாகோவிலிருந்து எலெயாசார் கேட்டான்:
"யாஸ்னா, வரைபடத்தில் உங்கள் ஊர் எப்போதும் சிவப்பு.
கணக்குப் பிழையா?"
"விறகு" என்றேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி உண்டு.
வேறேதும் சொல்ல விரும்புகிறீர்களா?
அரசைத் திட்டுவார்கள். நாய் தொலைந்ததைச் சொல்வார்கள்.
ஒன்பதாம் தேதி, வியாழன், ஒருவர் எழுதியிருந்தார்:
காற்று இன்று சுத்தம். கடவுளுக்கு நன்றி.
இன்னொருவர்: பல வருடத்தில் முதல்முறை, புகை நாற்றமே இல்லை.

ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர்வீட்டு வேலி தெரியவில்லை.
காற்றை அளக்கும் கருவி
அந்த ஆண்டின் மிகப் பெரிய எண்ணைக் காட்டியது.

இருட்டுவதற்குள் பதினேழு பேர்.
பதினேழு பேரும் காய்ச்சல் இல்லை என்று டிக் போட்டிருந்தார்கள்,
வாசனை தெரிகிறது என்றும்.
தங்கள் மூக்கை யாரும் சந்தேகிக்கவில்லை.
ஊரை மன்னித்திருந்தார்கள்.

சுகாதாரத் துறைக்கு எழுதினேன்.
எந்தத் தெரு என்று கேட்டார்கள்.
பெயர் கேட்க மாட்டோம், முகவரி கேட்க மாட்டோம்
என்பது படிவத்தின் முதல் வரி; நான் எழுதியது.
"மேற்குப் பக்கம்" என்றேன்.
பரிசோதனைக் குழு விமானமேற ஆறு நாளாயிற்று.

அடுத்த வியாழன் மேற்கிலிருந்து பதில்கள் குறைந்தன.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பதிலின்மை.
பக்கத்தில் உள்ளவர்களின் பதில்களைக் கொண்டு
அந்த ஓட்டையை அடைக்க ஒரு சூத்திரம் இருக்கிறது.
அடைத்தேன்.
வளைகோடு அழகாக வந்தது.

மறுநாள் நிஜமாகவே காற்றடித்தது. ஊர் தெரிந்தது.
மச்சு ஜன்னலைத் துடைத்துவிட்டு மேற்கே பார்த்தேன்.
மைனஸ் பதினோரு டிகிரியில்
இங்கே யாரும் அடுப்பை அணைப்பதில்லை.
ஒவ்வொரு புகைக்கூண்டும் தன் வரியை எழுதிக்கொண்டிருந்தது,
இருபத்து நான்கைத் தவிர.

இரண்டு முறை எண்ணினேன்.
எடை எதுவும் போடாமல் அட்டவணையில் சேர்த்தேன்.
அலகு என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கூரை, என்று எழுதினேன்.