‘நெ’ என்றாள்

ஏணியின் மூன்றாம் படி முறிந்து
விழுந்தவள் யோர்டாங்கா.
நாவுசா மலையடிவாரத்துப் பீச் தோட்டம்,
ஆகஸ்ட், காலை பத்தரை.
கூடை கவிழ்ந்து பழங்கள் சரிவில் உருண்டன;
ஒன்று ஸ்டெர்கியோஸின் பூட்ஸைத் தொட்டு நின்றது.
வலிக்கிறதா என்று கிரேக்கத்தில் கேட்டார்.
‘நெ’ என்றாள்.

அவள் பிறந்த பெத்ரிச்சில் அது ‘இல்லை’.
அவர் பிறந்த இந்த மண்ணில் அது ‘ஆமாம்’.
நடுவே ஒரு மலை, ஒரு சுங்கச்சாவடி,
லாரிகள் பெருமூச்சு விட்டு நிற்கும் நீண்ட வரிசை.
சொல்லிடம் மட்டும்
பாஸ்போர்ட் கேட்பாரில்லை.

காலிப் பெட்டிகளோடு எதிர்னேவிலிருந்து வந்து
லாரியில் சாய்ந்திருந்தார் நெவ்ஸாத்.
அவர் காதில் அது ‘என்ன?’.
தன்னைத்தான் கேட்கிறாள் என்று
‘பெட்டிகள், வெறும் பெட்டிகள்’ என
இரண்டு முறை துருக்கியில் பதில் சொன்னார்.
ஒருவரும் திரும்பவில்லை.

வேர் தேடித் தோண்டினால்
மூன்றும் மூன்று கிணறு.
அவளுடையது மிகப் பழைய மறுப்பு;
‘நாஸ்தி’ என்று நாம் கைவிரிக்கும்போது
முன்னால் வந்து நிற்கிறதே ஒரு ‘ந’,
அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.
அவருடையது, ஆணையிடும்போது
தெய்வத்தின் பெயருக்கு முன் வைத்த ‘மெய்யாக’.
நெவ்ஸாத்துடையது
குதிரை மேல் புல்வெளி கடந்து வந்த கேள்வி.
முகம் ஒன்று. குடும்ப அட்டை வேறு வேறு.

தமிழில் அது சொல்லே இல்லை.
நெல்லின் முன்பாதி, நெருப்பின் முதல் பொறி.
கொஞ்சம் நீட்டினால் ‘நே’:
அன்பு என்கிறது அகராதி.
இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை,
அதை இங்கே இழுத்துவர வேண்டியதுமில்லை.

ஸ்டெர்கியோஸ் பிக்கப்பைக் கிளப்பினார்.
அரைநாள் அறுவடை போச்சே என்று
வழிநெடுக முணுமுணுத்தார்.
அவளும் முணுமுணுத்தாள்:
ஒன்றுமில்லை என்றவளை
எதற்கு அள்ளிக்கொண்டு போகிறான் இந்த மனிதன்?

ஆஸ்பத்திரியில் ஃபோதினி என்ற தாதி
மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள்.
இங்கேயா?
‘நெ.’
இங்கே?
‘நெ.’
ஆனால் ஒவ்வொரு முறையும்
தாடை மேலே எழுந்தது, புருவமும் கூடவே.
தாடை எழுந்தால் ‘இல்லை’;
அதில் மட்டும் மலையின் இரண்டு பக்கமும் ஒரே கட்சி.
வாய் ஆமென்கிறது, முகம் இல்லையென்கிறது,
எதைப் படிவத்தில் எழுத?
ஃபோதினி எக்ஸ்ரேவுக்குச் சீட்டெழுதினாள்.

கறுப்புத் தாளில்
முடியளவு விரிசல்.

வலித்தது. விழுந்த நொடியிலிருந்து வலித்தது.
கூலி போய்விடுமே என்று
பல்லைக் கடித்துச் சொன்ன சொல் அது.
அவள் சொன்னது பொய், அவர் கேட்டது மெய்,
இரண்டும் ஒரே மூச்சில்.
எலும்புக்கு மொழிபெயர்ப்பாளராக
ஒரு தவறு வேலை பார்த்திருக்கிறது,
சம்பளம் வாங்காமல்.

செப்டம்பர் கடைசியில் பஸ் வந்தது.
கட்டுப் பிரித்த கை வெளுத்து, மெலிந்து,
வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.
ஸ்டெர்கியோஸ் ஜன்னலடியில் நின்று
அடுத்த வருடம் வருவாயா என்றார்.

இதற்குள் அவளுக்கு அவர்களுடைய ‘ஓஹி’ தெரியும்,
அவர்களுடைய ‘நெ’யும் தெரியும்.
தோட்டத்துச் சமையலறையில்
ஒற்றைக் கையால் தக்காளி நறுக்கிய நாட்களில்
இரண்டையும் கற்றிருந்தாள்.

‘நெ’ என்றாள்.

கண்ணாடியில் வெயில்.
தாடை எழுந்ததா என்று அவரால் பார்க்க முடியவில்லை.
பஸ் வளைவில் மறைந்ததும்
கொட்டகைக்குப் போய்
ஏணியின் மூன்றாம் படிக்குப்
புதுப் பலகை வைத்து ஆணி அடித்தார்.