பதினேழாவது டேக்

என் மனைவியின் வேலை மறக்காமலிருப்பது.
போர்ட்டோவில் எடுக்கிற படங்களில்
கோப்பையின் காது எந்தப் பக்கம் இருந்தது,
சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
மெழுகுவத்தி எதுவரை உருகியிருந்தது
என்று எழுதிவைப்பாள் சுல்மீரா.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
எனக்கு ஆற்றங்கரையில் டிராம் ஓட்டச் சம்பளம்.
கடல் வாய் வரை போ, திரும்பி வா, மறுபடி போ.

இந்த மாதம் அவளுக்கு வாய்த்த படத்தில்
ஒருவன் காலத்தில் பின்னால் போகிறான்.
போரைத் தடுக்க அல்ல, புதையலுக்கும் அல்ல.
ஒரு பெண்ணிடம் உளறியதை
உளறாமல் சொல்லிப் பார்க்க.
அதே செவ்வாய்க்கிழமை, அதே ரொட்டிக்கடை,
அதே மழை, தீயணைப்பு வண்டியின் குழாயிலிருந்து.
பதினேழு டேக்.
பதினேழு முறையும் அந்தப் பெண்
அப்போதுதான் அவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாளாம்.

"நீ என்னை அப்படி எத்தனை முறை பார்த்திருப்பாய்?"
மத்தியில் முள் எடுத்துக்கொண்டே கேட்டேன்.
"ஒரு முறை.
அப்போதும் நீ சில்லறை இல்லையென்று
என்னிடம் கத்திக்கொண்டிருந்தாய்."

நேற்று அப்பா காட்சி.
இறந்துபோனவரோடு இன்னொரு தரம் கடற்கரையில் நடக்க
மகன் வருகிறான். வசனம் இரண்டு பக்கம்.
மூன்றாவது டேக்கில் அந்தக் கிழ நடிகர்
எல்லாவற்றையும் மறந்துபோய்
குனிந்து, காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி,
"உனக்கும் புகுந்துவிட்டதா?" என்றிருக்கிறார்.
இயக்குநர் கட் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல்
குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.
"அப்பா கடைசியாக வந்தாரே, அந்த ஞாயிறு,
என்ன நிறச் சட்டை?"

கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தார்.
கருவாட்டில் உப்பு தூக்கல் என்றார்.
பெனெதீத்தாவின் சைக்கிளுக்குக் காற்றடித்தார்,
பம்ப் சரியில்லை என்று பம்பைத் திட்டினார்.
படியிறங்கும்போது பாதியில் நின்று
குடையை எடுக்க மேலே வந்தார்.
சட்டை?

"நீலம்" என்றேன், பொய்யாக.
"கட்டம் போட்டது" என்றாள். அவளுக்கும் நிச்சயமில்லை.
யாரோ ஒரு நடிகனின் பொத்தானை
ஆறு மாதம் தலைக்குள் வைத்திருப்பவள்.
"என்னால் போக முடிந்தால்
எதையும் மாற்றமாட்டேன்.
சட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்."
குழாய் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து,
"பொய். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவேன்."

அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிய
பெனெதீத்தா கத்தினாள். நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம்,
கதவில் தோளிடித்துக்கொண்டு.

கடைசி நிறுத்தத்தில் டிராம் திரும்புவதில்லை.
மர இருக்கைகளின் முதுகை
ஒவ்வொன்றாக மறுபுறம் சாய்த்துக்கொண்டே
நான்தான் மறுமுனைக்கு நடக்கவேண்டும்.
பின்னால் இருந்தது முன்னாலாகிவிடும்,
அதே தண்டவாளம், அதே நிறுத்தங்கள்.
ஆனால் காலையில் கையாட்டிய தூண்டில்காரர்
இப்போது அங்கே இருக்கமாட்டார்.

இன்று அங்கே நான்கு நிமிடம் கிடைத்தது.
எனக்கு இந்த வேலை தெரியாது, எழுத்தும் கோணல்.
ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் குறித்தேன்:

செவ்வாய். பச்சை ஸ்வெட்டர்,
இடது முழங்கை பிரிந்திருக்கிறது.
சாவியைத் தேடினாள், சாவி வாயில் இருந்தது.
முத்தம், கன்னத்தில், அவசரமாக.
ஈரத் தலை.
மழை, நிஜமானது.