கோஸ்தனாய், இரண்டாம் மாடி

விமான நிலையத்தில் முதல்முறையாக
எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்,
உன்னையல்ல.
அம்மாவின் செம்பட்டைத் தலையை, என் மூக்கை.
நீ கூட்டத்தில் கரைந்துபோனாய்.
பச்சைக் கோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ரொட்டிக்கடைக்காரர் கசாக்கில் உன்னிடம் ஏதோ கேட்டார்.
நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், உனாய்,
எனக்கு மட்டும் என்னவோ தெரியும்போல.
விரல்காட்டி நான்கு வாங்கினோம்.

குழந்தைகள் இல்லத்தில் ஷோல்பான்
பேரேட்டைப் புரட்டினார்.
இரண்டு கிலோ முந்நூறு.
தாயின் பெயருக்கான கட்டத்தில்
ஒரு கோடு,
பேனா அழுந்திய கோடு.
அப்பா படமெடுக்கப் போனார்;
அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இதுதான் உன் கட்டில்."

பதினாறு வருடமாக நாங்கள்
மனசுக்குள் காலியாகவே வைத்திருந்த கட்டில்.
அதில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்,
வாயோரம் பால் காய்ந்து,
ஒரு கால் கம்பிக்கு வெளியே.

நீ அழுவாயென்று
அம்மா கைக்குட்டையோடு நின்றாள்.
நீயோ குனிந்து
அந்தக் காலை மெல்ல உள்ளே தள்ளி
போர்வையை இழுத்துவிட்டாய்.

பில்பாவோவில், நம் அறையில்,
மேல்கட்டிலிலிருந்து தொங்கும் என் காலை
திட்டிக்கொண்டே தள்ளுவாயே,
அதே கை.

படியிறங்கும்போது பசிக்கிறதென்றாய்.
மீந்த ரொட்டி என் பையில் இருந்தது.
ஆறிப்போய்.
பிய்த்து, பெரிய துண்டை
நீயே எடுத்துக்கொண்டாய், வழக்கம்போல.