செவுளில் ஒரு பொட்டு

மருதானைக்குப் போகும் முதல் வண்டி கடந்ததும்
தண்டவாளம் தாண்டிக் கற்களில் இறங்கினேன்.
துவான் சல்டின் எனக்கு முன்னமே வந்து
கோப்பியையும் முடித்திருந்தார்.
"ராத்திரி மழை. கால்வாயை வெட்டி விட்டிருக்கிறாங்கள்,
தண்ணி முழுக்கக் கலங்கல்."

அவருக்கு அது கெட்ட செய்தி.
எனக்கு, வெள்ளவத்தைக் கடலில்
கலங்கலும் தெளிவும் உரசிக்கொள்ளும் அந்தக் கோடுதான் வேண்டும்.
மடவைக் குஞ்சுகள் அங்கே ஒதுங்கும்.
அவற்றின் பின்னால் கடன்காரர் வருவார்கள்.

முப்பது கிராம் வெள்ளித் தகடு.
பத்தொன்பது எறிதல், பாசி மட்டும்.
அடுத்ததில்
யாரோ கதவை உள்ளிருந்து சாத்தியது போல நூல் நின்றது.

சீலா என்றால் அறுத்துக்கொண்டு போயிருக்கும்.
கட்டா என்றால் எகிறிக் குதித்து ஊருக்கே காட்டியிருக்கும்.
இது மேலே வரவேயில்லை.
வாடகைக்காரனைக் கண்டவன் போலத்
தலையைக் கவிழ்த்துக் கல்லிடுக்குக்கே ஓடியது.
"பாரை" என்றேன்,
மணிக்கட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது.

அலையொன்று ஏறும் வரை பொறுத்து
அதனோடு சேர்த்து மேலே இழுத்தேன்.
தண்டவாளம் தட்டிப் பார்க்கும் பியசிறி
சுத்தியலோடு நின்று "பரவெக்!" என்றார்.
"பெரும்பாரைக் குஞ்சு," என்றார் சல்டின்,
"ஒரு தேத்தண்ணி பந்தயம்."

ஈரத் துணியில் கிடத்தினேன்.
முகத்துக்கு மிஞ்சிய கண்.
இரண்டாம் முதுகுத் துடுப்பின் நுனியில்
சுண்ணாம்பு தொட்ட விரல் பட்டது போல் வெள்ளை.
நெஞ்சைத் தடவினால் வழுக்கை இல்லை, செதில் முழுக்க.
பிறகு, செவுள் மூடியின் மேல் ஓரத்தில்
மிளகிலும் சிறிதாய்
ஒரு கறுப்புப் பொட்டு.

"பொட்டைப் பாருங்க" என்று சொல்லும்போதுதான்
என் குரல் எனக்கே கேட்டது.

இதே காலி வீதியில்
நெற்றியைப் பார்த்து பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.
அடையாள அட்டையை வாங்கி
பெயரை இரண்டு தரம் வாசித்தார்கள்.
அதன்பின் பல வருஷம்
பொட்டை கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்,
கந்தோர்க் கண்ணாடி முன்னால் எடுத்து ஒட்டினேன்.
மீனுக்குக் கைப்பை இல்லை.

சல்டின் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
சட்டைப்பையில் இல்லை, தொப்பிக்குள் இல்லை.
கண்ணாடியில்லாமல் தீர்ப்பு செல்லாது என்றார்.

பியசிறி குனிந்து வாலைப் பிடித்துத் தூக்கி
எடை பார்த்தார்.
"மிஸ், சட்டிக்குள்ள போனா
ரெண்டும் ஒண்டுதானே?"

அதுவும் சரிதான்.
பாதியை அவருக்கு வெட்டிக் கொடுத்தேன்,
தலைப்பக்கத்தை நான் வைத்துக்கொண்டேன்.
தேத்தண்ணிக் காசு
சல்டின்தான் கொடுத்தார்.