புதன்கிழமை நாடா

கிளைபேடா துறைமுகத்தில், வெள்ளி காலை பதினோரு மணிக்கு
ஸ்கைஸ்தே தப்பான கோப்புறையை அழித்தாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு என் மேசை முன் வந்து நின்றாள்.
"போய்விடவா, உட்காரவா?"
உட்கார் என்றேன்.

போனது மூன்று வருடப் பதிவு.
எந்த வழிகாட்டி, எந்தக் கப்பலை,
எத்தனை மீட்டர் நீரில், என்ன காற்றில்
உள்ளே கொண்டுவந்தார் என்பது.

முதலில் கண்ணாடிப் பிரதியைத் திறந்தோம்.
பக்கத்து அறையில் தூங்காமல் கிடக்கும் வட்டு அது.
எழுதினால் எழுதும், அழித்தால் அழிக்கும்.
பதினொன்று அடித்து ஒரு நிமிடத்துக்குள்
அதுவும் அழித்து முடித்திருந்தது, பிசகில்லாமல்.
முடியை வெட்டிக்கொண்டவள்
கண்ணாடியில் போய்ப் பின்னலைத் தேடினால்
கிடைக்குமா?

பிறகு நாடாக்கள்.
ஞாயிறு முழுசு. எல்லாம் அதில் இருக்கும்,
ஓடி முடிய ஏழு மணி நேரம்.
திங்களில், ஞாயிறுக்குப் பின் மாறியது மட்டும்.
செவ்வாயில், திங்களுக்குப் பின் மாறியது மட்டும்.
ஒன்றின் தோளில் ஒன்று கைவைத்து
இருட்டில் வரிசையாய் நடப்பதுபோல.

இன்னொரு வழியும் உண்டு.
தினமும் ஞாயிறிலிருந்தே எண்ணிக்கொண்டு வருவது.
சனி வருவதற்குள் மூட்டை ஊதிவிடும்.
ஆனால் மீட்க இரண்டே நாடா:
ஞாயிறும் நேற்றும்.
அக்டோபர் கூட்டத்தில் கிந்தௌதஸ் அதைத்தான் கேட்டார்.
நாடா விலையைக் கூட்டிப் பார்த்து
வேண்டாம் என்றவன் நான்.
கையெழுத்தும் என்னுடையதே.

ஞாயிறு ஏறியது.
திங்கள்.
செவ்வாய்.
புதன் சுழன்றது, நின்றது, பின்னால் ஓடியது,
நாக்கைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம்,
மறுபடி நின்றது.
எழுதிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூட
யாரும் படித்துப் பார்த்ததில்லை.

வியாழன் என் கையில் இருந்தது,
கீறல் இல்லாமல், புத்தம்புதிதாய்.
புதன் இல்லாத வானத்தில்
வியாழன் எதைச் சுற்றும்?
மென்பொருள் ஏற்க மறுத்தது.

ஸ்கைஸ்தே கோட்டைக் கழற்றவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.
"வீதெனிஸ், புதன் இரவு என்ன கொண்டுவந்தீர்கள்?"
உப்புக் கப்பல். இல்லை, இரு. உரம்.
உரம்தான், ஏணியில் ஏறும்போதே தும்மல்.
"காற்று?"
தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், நீயே எழுதிக்கொள்.

ஒருவர் சிகரெட் அட்டையில் ஆழம் குறித்து வைத்திருந்தார்.
இழுவைப் படகுக்காரர் சொன்ன நேரமும் வீதெனிஸ் சொன்னதும்
இருபது நிமிடம் முட்டிக்கொண்டன.
இரண்டையும் எழுதினோம்.
இரண்டரை நாளைச் சேர்க்க ஒன்பது நாள் ஆயிற்று.

கிந்தௌதஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நாடா வாங்கும் படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.
பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

இப்போது ஞாயிறுக்கு இன்னொரு பிரதி உண்டு.
திங்கள் மாலை படகேறி எதிர்க்கரை மணல்திட்டுக்குப் போகிறது,
ஸ்கைஸ்தேயின் பையில்,
சாப்பாட்டு டப்பாவுக்கும் கையுறைக்கும் நடுவே.
போகுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம்.

அந்தப் புதன்கிழமைப் பதிவில்
காற்றின் வேகம் என்ற கட்டத்தில்
எண் இருக்காது.
"தொப்பியைப் பிடித்துக்கொண்டு" என்றிருக்கும்.
திருத்தவில்லை.
எல்லா நாடாவிலும் அப்படியேதான் ஏறுகிறது.