மூன்று டிகிரி

மணவாளக்குறிச்சியில் மணல் ஆலைக்குப் பின்னால்
கடல்நீர்க் குழாய், பன்னிரண்டு அங்குலம்.
ஆறாம் தாங்கிக்கு மேலே ஒரு கொப்புளம்.
சுரண்டியின் மூக்கால் தொட்டேன்.
நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பசை தடவி அல்ட்ராசானிக் முனையை வைத்தேன்.
வந்த அன்று ஒன்பதரை மில்லிமீட்டர்.
இன்றைக்கு இரண்டு புள்ளி ஒன்று.
மற்றதை உப்பு தின்றுவிட்டது
இருபத்திரண்டு வருடமாக,
மத்தியானச் சோற்றுக்குக்கூட எழுந்து போகாமல்.

‘வெல்டிங் வைக்கலாமே’ என்றார் ஷிப்டு மேனேஜர் தாணுலிங்கம்.
இந்தத் தகட்டில் தீ வைத்தால்
ஒட்டுப் போடுவதற்கு முன்னால் ஓட்டை விழும் சார்.
பம்பை நிறுத்தலாமா?
அவர் வானத்தைப் பார்த்தார்.
நிறுத்த முடியாது என்பதற்கு அவர் பாஷை அது.

ஆகவே துணி.
கண்ணாடி நூலில் நெய்து
பிசினில் முக்கி
இழுத்துப் பிடித்துச் சுற்றுகிற துணி.
இரும்புக்கு இரும்பில்லாத கட்டு.

உதவிக்கு ஆள் கேட்டேன். ததேயு வந்தான்,
கடியப்பட்டணத்தில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவன்,
நகக்கண்ணில் பழைய பிசினோடு.
குழாயை ஒருமுறை சுற்றி வந்தான்.
‘எனக்குத் தண்ணி உள்ள வரப்பிடாது,
ஒங்களுக்கு வெளிய போவப்பிடாது.
பிசினுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.’

துருவை வெள்ளையாகும்வரை தேய்த்தோம்.
நல்ல தண்ணீரில் கழுவினோம்.
உப்புச் சோதனைத் தாள் தோற்றது.
மறுபடி கழுவினோம். மறுபடி தோற்றது.
ஐந்தாவது தடவை, போதும் என்றது தாள்.

ஆனால் ஆடி மாதம்.
கச்சான் காற்று நீரைத் தூக்கிக்கொண்டு வருகிறது.
குழாய்க்குள் ஆழக்கடலின் குளிர்ச்சி ஓடுகிறது.
துடைத்த இடம் துடைக்கத் துடைக்க வியர்க்கிறது.
இரும்பின் சூடு
பனி இறங்கும் சூட்டைவிட
மூன்று டிகிரி மேலே நிற்க வேண்டும்.
மீட்டரில் ஒன்றுகூட இல்லை.

தார்ப்பாயில் கூடாரம் கட்டினோம்.
உள்ளே நான்கு ஹாலஜன் விளக்கு.
ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்று புள்ளி ஒன்பது.
காற்று தார்ப்பாயைப் பிய்த்து உள்ளே நுழைந்து
கருமணலைத் தூவிவிட்டுப் போனது.
இரண்டு புள்ளி எட்டு காட்டியபோது
பொறுமை இல்லாமல் பிசினைக் கலந்தேன்.
தப்பு என்னுடையதுதான்.
மழை அடித்தது. எண் சரிந்தது.
டப்பாவிலேயே பிசின் சூடேறி, புகைந்து,
கல்லாகி நின்றது.
ததேயு எதுவும் சொல்லவில்லை.
அந்தக் கல்லை எடுத்துத்
தார்ப்பாயின் மூலைக்குப் பாரமாக வைத்தான்.

மிச்சம் ஒரே ஒரு டப்பா.

இரவு இரண்டு மணி இருக்கும்.
தாணுலிங்கம் குடை பிடித்து வந்தார்.
‘நாற்பது நிமிஷம்’ என்றார். ‘அதுக்கு மேல என் வேலை போயிரும்.’
பம்பு அடங்கியது.
குழாய்க்குள் கடல் நின்றது.
விளக்கின் சூடு மெல்ல இரும்பில் ஏறியது.
மூன்று.
மூன்று புள்ளி நான்கு.

பள்ளத்தில் புட்டி. மேலே பிசின்.
துணியின் முனையை நான் பிடிக்க
அவன் இழுத்துச் சுற்றினான்,
அரை அகலம் மேலேறும்படி,
காற்றுக் குமிழைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளி.
ஒன்று, இரண்டு என்று நான் எண்ண
எட்டாவது சுற்றில் என் குரல் கம்மியிருந்தது.
நாற்பத்தாறாவது நிமிடம் பிசின் இறுகிற்று.
அந்த ஆறு நிமிடம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
எத்தனை வருடம் தாங்கும்?
‘நீ என்ன எழுதுவ?’ என்று கேட்டேன்.
‘கொல்லத்துக்குப் போற வள்ளத்துக்கு
நான் வருஷம் எழுதிக் குடுக்கிறதில்ல.
திரும்பி வந்தா மறுபடி பாப்பேன்.’
என்னால் அப்படி எழுத முடியாது.
பத்து என்று எழுதினேன்.
கீழே சின்ன எழுத்தில்:
உட்பக்கம் தெரியாது. ஆறு மாதத்தில் மறுபடி அளக்கவும்.

விடிந்தபோது
தாங்கிக்குத் தாங்கி குழாய் முழுக்க வியர்த்து
சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டிருந்தது.
நாங்கள் சுற்றிய ஒன்றரை மீட்டர் மட்டும்
காய்ந்து கிடந்தது.
கை வைத்துப் பார்த்தேன்.
ததேயுவின் கட்டைவிரல் ரேகை ஒன்று
ஓரத்தில் தட்டுப்பட்டது.