எட்டு நாற்பது

பிந்தி வருகிற பிள்ளைகளுக்குச் சீட்டுக் கிழிப்பதுதான்
டண்டினோங் பள்ளிக்கூடத்தில் என் வேலை.
கண்ணாடி ஜன்னல், ஒரு மணி,
ஆரோ மறந்துபோன குடைகள் பதினொன்று.

போன தவணை கெய்டன் கதிரையைத் தூக்கி எறிந்தான்.
ஆர்மேலும் படவில்லை. மீன்தொட்டியில்தான்.
கூட்டம் வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள்:
அவன் இன்னும் ஆரைப் பார்த்துக் கத்தவில்லை?
என் பெயர் மட்டும் மிஞ்சியது.

காலையில் இரண்டு நிமிடம், எட்டு நாற்பதுக்கு.
புத்தி சொல்லக் கூடாது என்று தாளில் இருந்தது.
கஷ்டம்.
இரண்டு பிள்ளை வளர்த்த வாய் இது.
"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பேன்.
தோளைக் குலுக்குவான்.
மஞ்சள் அட்டையை நீட்டுவேன்:
ஆறு பாடம், ஆறு கட்டம்,
கட்டத்துக்கு இரண்டு, ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம்.
பின்னேரம் கொண்டுவருவான்
சப்பாத்துத் தடத்தோடு, சிலநாள் நாலு துண்டாக.
செலோடேப்பால் ஒட்டிவிட்டுக் கூட்டுவேன்.
மூன்று. ஐந்து. மூன்று.
ஒருநாள் ஏழு.
அன்றைக்கு, மாக்பை தன் தலையில் கொத்த வந்த கதையை
பஸ் ஹோர்ன் அடித்தும் விடாமல் சொன்னான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ரயில் நோபிள் பார்க்கில் நின்றுவிட்டது.
நான் வந்து சேர ஒன்பதரை.
ஜன்னலுக்குக் கீழே குப்பைத்தொட்டி கவிழ்ந்து கிடந்தது,
என் கதவுக் கைபிடியில் ஒரு வாழைப்பழத் தோல்.
"பத்து நிமிடம் நின்று பார்த்தான்," என்றாள் பெட்ரா,
"பிறகுதான் உதைத்தான்."

பத்து நிமிடம்.
அவன் எதற்காகவும் நின்றதாக
அதுவரை எந்தக் கோப்பிலும் இல்லை.

மறுநாள் எட்டரைக்கே இருந்தேன்.
வந்தான். அட்டையை வாங்கவில்லை,
பேனையைத்தான் கேட்டான்.
அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில்
கோணலாக ஒரு கட்டம் கீறினான்.
மேலே என் பெயர்
(யோகாம்பிகையில் யோகா மட்டும்,
அதிலும் ஒரு எழுத்துத் தலைகீழ்).
உள்ளே பூச்சியம்.
"நேற்றைக்கு," என்றான்.

ரயில் என்று தொண்டை வரை வந்தது.
அவனும் இப்படித்தான் தொடங்குவான்:
"இல்லை மிஸ், அது வந்து..."

பூச்சியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.
"இண்டைக்கு?" என்று கேட்டேன்.

குடைகளைப் பார்த்தபடி யோசித்தான்.
"ஒன்று," என்றான்,
"மிச்சம் பின்னேரம் பார்ப்பம்."